முடிச்சின் ஏடு

முன்னொரு காலத்தில் என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் இது நடந்தது போன மார்கழியில். தூத்துக்குடியில் தொம்மை என்று ஒருவன், வீடு வீடாகக் கேஸ் சிலிண்டர் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். அவனுடைய வலது தொடைச் சதைக்குள் ஒரு வீடு இருந்தது.

சிரிக்காதீர்கள். உங்கள் தொடையிலும் அப்படி ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நாம்தான் ஒருநாளும் எட்டிப் பார்ப்பதில்லை.

அந்த வீடு நீளம். அகலம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடி தெரியாது. தரையில் எப்போதும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு வெயிலைப் பார்த்தால் இமைக்குள் ஒரு சிவப்பு தெரியுமே, அந்த வெளிச்சம்தான் வீடு முழுக்க. யாராவது பேசினால் குரல் தண்ணீரில் மிதந்து, கொஞ்சம் தாமதமாகத்தான் அடுத்தவர் காதுக்கு வந்து சேரும்.

வீட்டின் நடுவே அடுப்பு இருந்தது. தொம்மை தின்ற சோற்றையும் இழுத்த மூச்சையும் எரித்து, வீட்டுக்கு வலு கொடுப்பது அதன் வேலை. வாய் ஜாஸ்தியான அடுப்பு. தொம்மை மாடிப்படியில் கால் வைத்தால் போதும், "வந்துட்டான்யா, வந்துட்டான்! மறுபடியும் தோள்ல ஏத்திட்டான்!" என்று கத்திக்கொண்டே கொழுந்துவிட்டு எரியும். எரியும்போது பொறி பறக்கும். அதைக் குற்றம் சொல்ல முடியாது. பொறி பறக்காத அடுப்பை நான் பார்த்ததில்லை.

அந்தப் பொறிகளை ஒற்றி எடுக்க ஈரத்துணி இருந்தாள். எங்கே பொறி விழுந்தாலும் "இந்தா வாரேன், இந்தா வாரேன்" என்று போய்ப் படிவாள். ஒவ்வொரு பொறியும் அவளைக் கொஞ்சம் உலர்த்தும். தொம்மை எங்காவது உட்கார்ந்து ஒரு டீ குடித்தால், அந்த நேரத்தில் தன்னை மறுபடி நனைத்துக்கொள்வாள். அவன் உட்காராவிட்டால் அவள் பாடு திண்டாட்டம்தான்.

வாசல் தூணில் ஓட்டன் கட்டுண்டு கிடந்தான். ஆபத்தென்றால் ஓடிப்போய்ச் சேதி சொல்லப் பிறந்தவன். அவன் கால் நிற்காது. சும்மா இருக்கும்போதும் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அவன் இடுப்பைச் சுற்றி முடிச்சு இருந்தாள். அவனைத் தூணோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவன் காதோரமே குடியிருந்தாள்.

"கால ஆட்டாத. எனக்குக் கூசுது," என்பாள் முடிச்சு.

"நானா ஆட்டுதேன்? அது தானா ஆடுது."

"தானா ஆடுற காலு இந்த வீட்டுல உனக்கு மட்டும்தான் வாய்ச்சிருக்கு."

"ஏட்டி, கொஞ்சம் தளர்த்தி விடேன். ஏட்டறை வாசல் வரைக்கும் போயிட்டு வந்துருதேன்."

"வாசல்லயா நிப்ப நீ? உள்ள போயி ஏட்ட எடுத்து வாசிச்சு, ஊரையே கூட்டிட்டு வந்துருவ. சும்மா கெட."

இந்த ஏசலைக் கேட்கத்தான் அவன் கேட்டதே. ஏசி முடித்ததும் அவள் பிடியைக் கொஞ்சம் இறுக்குவாள். அவன் கால் மெல்ல மெல்ல நிற்கும். அப்படியே தூங்கிப் போவான்.

ஏட்டறை என்றேன் அல்லவா? அது வீட்டின் ஓரத்தில், சுவரை ஒட்டி இருந்தது. உள்ளே அடுக்கடுக்காக ஏடுகள். அங்கே ஒரு அதிசயம் உண்டு: எந்த ஏட்டை வாய்விட்டு வாசிக்கிறார்களோ, அதில் எழுதியிருப்பது உண்டாகிவிடும். சுவர் என்று வாசித்தால் சுவர். கயிறு என்று வாசித்தால் கயிறு. ஓட்டன் போனால் வாசிக்க வேண்டியது இரண்டு ஏடுகள். ஒன்று, அழைப்பு ஏடு. அதை வாசித்தால் சிவப்பு ஆற்றின் வழியே கடப்பாரைக்காரர்கள் வருவார்கள். எரிந்ததை இடித்து அள்ளிக்கொண்டு போவார்கள். இன்னொன்று, முடிச்சின் ஏடு. அதை வாசித்தால் புது முடிச்சு உண்டாவாள்.

ஏனென்றால், பொறி மிஞ்சிப் போனால் முதலில் எரிவது அவள்தான். அவள் எரிந்தால்தான் அவன் அவிழ்வான். அந்த வீட்டின் ஏற்பாடு அது. யார் செய்த ஏற்பாடோ, எனக்குத் தெரியாது. தெரிந்தால் நானே போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

அதிலும் ஒரு வழக்கம் இருந்தது. ஓட்டன் ஏட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் வாசிக்க வேண்டியது முடிச்சின் ஏடு. அதற்குப் பிறகுதான் அழைப்பு ஏடு. புது முடிச்சு உருவாகி, தண்ணீரில் மிதந்து, தட்டுத் தடுமாறி வந்து சேர நேரம் ஆகும். அதற்குள் ஓட்டன் வேண்டிய மட்டும் அழைத்து முடித்திருப்பான். அவள் வந்து இடுப்பைப் பிடித்ததும் கூப்பாடு நின்றுவிடும். ஆட்கள் வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். தொம்மைக்கு ரெண்டு நாள் தொடை வலிக்கும். மூன்றாம் நாள் முன்னைவிட உரமாக இருக்கும்.

எல்லாம் சரிதான். ஓட்டனுக்குத்தான் ஒன்று தாங்கவில்லை. வருகிற ஒவ்வொரு முடிச்சும் புதியவள். பிடிக்கத் தெரியும், வேறு ஒன்றும் தெரியாது. "நீ யாரு?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவாள். அவன் தன் பெயரைச் சொல்லி, தூணைக் காட்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பழகி, ஏசி, சிரித்து, கூசுகிறது என்று சொல்லத் தொடங்கும் நேரத்தில் பொறி வந்து விழும்.

எரியும்போது ஒவ்வொருத்தியும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள். ஒருத்திக்கு ஒருத்தி தெரியாது, ஆனாலும் அதே வார்த்தை: "முதல் ஏடு என்னுது. மறந்துராத."

பாவம், சாகப் பயப்படுகிறாள் என்று ஓட்டன் நினைத்துக்கொண்டான். ஓடும் வழியெல்லாம் அழுவான். அவன் கண்ணீரும் உப்பு, வீட்டுத் தண்ணீரும் உப்பு. யாருக்குத் தெரியப் போகிறது?

கிறிஸ்துமஸ் நெருங்கியது. பலகாரம் சுடாத வீடு இல்லை. சிலிண்டர் கேட்காத வீடும் இல்லை. தொம்மையின் லைனில் ஐந்து மாடிக் கட்டிடம் ஒன்று இருந்தது. அங்கே லிஃப்ட் உண்டு. லிஃப்ட் கதவில், 'சிலிண்டர் ஏற்றக் கூடாது' என்று போர்டும் உண்டு. சோபாவும் பிரிட்ஜும் நாய்க்குட்டியும் லிஃப்டில் போகலாம். நிறைந்த சிலிண்டர் மட்டும் தொம்மையின் தோளில் படியேற வேண்டும்.

ஒரு வாரமாக அவன் எங்கேயும் உட்காரவில்லை. தொடை சூடு கண்டிருந்தது. ஒரு நாள் காலையில் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தவனின் தோளை அவன் மனைவி கித்தேரி பிடித்து அழுத்தினாள்.

"உக்காருங்க. காலு கொதிக்குது. நேத்து பூரா நொண்டுனீங்க."

"பண்டிகை நேரத்துல உக்காரச் சொல்லுதியே, உனக்கு விவரம் இருக்கா? அங்க அத்தன வீட்டுல அடுப்பு அணைஞ்சு போயி உக்காந்திருக்காங்க."

"நீங்க ஒரு நாள் போகலன்னா ஊரு பட்டினியாவா கெடந்துரும்? வேற ஆளே இல்லையா?"

"கைய எடு, கித்தேரி."

"எந்திரிக்கும்போதெல்லாம் பிடிச்சு உக்கார வைக்கதுதான் என் பொழப்பு. எடுத்துட்டேன், போங்க!"

அவள் கையை எடுத்தாள். கோபத்தில் எடுத்தாளே தவிர மனசார எடுக்கவில்லை. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அன்றைக்கு வீட்டுக்குள் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அடுப்பு எரிந்த வேகத்தில் பொறிகள் மழையாகக் கொட்டின. மெதுவாக, மிக மெதுவாக, பொன்னிறத்தில் மிதந்து மிதந்து இறங்கின. பார்க்க அழகாக வேறு இருந்தது. ஈரத்துணி ஒவ்வொன்றாக ஒற்றிக்கொண்டே போனாள். ஒரு கட்டத்தில் அவள் பொறிமேல் படிந்தால் பொறி அணையவில்லை; அவள்தான் முறுகினாள்.

"அடுப்பே, கொஞ்சம் தணி! என்னால முடியல!" என்றாள்.

"அவன நிறுத்தச் சொல்லு, நான் தணியுதேன்!" என்று கத்தியது அடுப்பு. "மூணாவது மாடிக்கு ஏறுதான்! அவன் ஏறச் சொன்னா நான் எரியாம என்ன செய்ய?"

ஒரு பொறி முடிச்சின்மேல் விழுந்தது. இன்னொன்று. அதற்கு முந்தின நாள்தான் அந்த முடிச்சு முதன்முதலாக ஓட்டனைப் பார்த்துச் சிரித்திருந்தாள்.

"ஓட்டா," என்றாள். நூல் நூலாக அவிழ்ந்துகொண்டிருந்தாள். "முதல் ஏடு என்னுது. மறந்துராத."

"பேசாத. பேசாத நீ," என்று ஓட்டன் அழுதான்.

அவள் எரிந்து முடிந்தாள். அவன் அவிழ்ந்தான். ஓடினான்.

ஏட்டறையில் போய் நின்றதும், வழக்கப்படி அவன் கை முடிச்சின் ஏட்டுக்குத்தான் போனது. பாதி வழியில் நின்றது. இதை வாசித்தால் இன்னொருத்தி வருவாள். வந்தவள் எரிவாள். ஏன் வர வேண்டும்? எரிவதற்கென்றே ஒருத்தியை நானே வாசித்து உண்டாக்க வேண்டுமா? போதும், இனிமேல் ஒருத்தியும் எரிய வேண்டாம். அந்த ஏட்டை எடுத்து, எல்லா ஏடுகளுக்கும் அடியில் ஒளித்து வைத்தான்.

பிரியத்தில் செய்த காரியம். அதை நான் மறுக்க மாட்டேன்.

பிறகு அழைப்பு ஏட்டை எடுத்து வாசித்தான். கடப்பாரைக்காரர்கள் வந்தார்கள். சிவப்பு ஆற்றிலிருந்து சுவர் வழியே நுழைந்து, ஒரு கையில் கடப்பாரை, ஒரு கையில் தீவட்டி என்று வரிசையாக நின்றார்கள். அவர்களுக்குத் தீவட்டி இல்லாமல் வேலை ஓடாது.

அதே நேரத்தில் வெளியே, மூன்றாவது மாடித் திருப்பத்தில், தொம்மையின் கால் மடங்கியது. சிலிண்டரைச் சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். கூட வந்த ஆள் அவனைச் சிலிண்டர் ஆட்டோவிலேயே வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார். டாக்டர் தொடையை அழுத்திப் பார்த்துவிட்டு, பத்து நாள் படியேறக் கூடாது என்றார்.

வீட்டுக்குள் அடுப்பு தணிந்தது. பொறி நின்றது. தீ அணைந்தது. வழக்கமாக இந்த நேரத்தில் முடிச்சு வந்து சேர்ந்திருப்பாள்.

யாரும் வரவில்லை. ஓட்டனின் கால் நிற்கவில்லை. ஏட்டறைக்குள் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே அவன் அழைப்பு ஏட்டை வாசித்தான். முடித்துவிட்டு மறுபடி வாசித்தான். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கூட்டம் வந்து இறங்கியது.

"தீ எங்க?" என்றார் புதிதாக வந்த கடப்பாரைக்காரர்.

"அணைஞ்சு மூணு நாளாச்சு," என்றது அடுப்பு.

"அப்போ எங்கள எதுக்குக் கூப்புட்டீங்க?"

"நானா கூப்புட்டேன்? உள்ள ஒருத்தன் கத்திக்கிட்டே கெடக்கான், அவன்ட்ட போய்க் கேளும்."

கடப்பாரைக்காரர் தீவட்டியைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தார். "கூப்புட்டாச்சு, வந்தாச்சு. சும்மா திரும்பிப் போனா நல்லா இருக்காதுல்லா? அந்தச் சுவரு கருகுன மாதிரி இருக்கே."

"அது நிழலுய்யா!"

"நிழலா இருந்தாலும் இடிச்சுப் பாத்துருவோம்."

இடித்தார்கள். நல்ல சுவர் சரிந்தது. தீவட்டியிலிருந்து பொறி உதிர்ந்தது. ஏட்டறை வாசலிலிருந்து அந்தப் பொறியைப் பார்த்த ஓட்டன், "ஐயோ, இன்னும் தீ இருக்கே!" என்று பதறி இன்னும் உரக்க வாசித்தான். இன்னும் ஆள் வந்தார்கள். இன்னும் பொறி உதிர்ந்தது. அண்டை வீடுகளின் சுவர்களும் இடிபடத் தொடங்கின. தண்ணீர் கொதித்தது. வெளியே தொம்மையின் தொடை வீங்கி, காய்ச்சல் ஏறி, கட்டிலில் அவன் முனகிக்கொண்டு கிடந்தான்.

ஈரத்துணிதான் ஏட்டறைக்குப் போனாள். தொம்மை படுத்துக் கிடந்ததால் அவள் மறுபடி கொஞ்சம் நனைந்திருந்தாள். ஓரமெல்லாம் இன்னும் முறுகல்தான்.

"ஓட்டா, முடிச்சு எங்க?"

அவன் அழைப்பு ஏட்டோடு ஓடிக்கொண்டே இருந்தான்.

"முதல் ஏட்ட வாசிச்சியா இல்லையா?"

"வாசிக்கல," என்றான். "வாசிக்கவும் மாட்டேன். அவ எரியத நீ பக்கத்துல இருந்து பாத்திருக்கியா? என் இடுப்புல எரிவா. என் காதுக்குள்ள எரிவா. இனிமே ஒருத்தியும் எரிய வேண்டாம்."

"அவளக் காப்பாத்திட்ட."

"ஆமா!"

"எங்க அவ?"

ஓட்டன் தன் வெற்று இடுப்பைத் தொட்டுப் பார்த்தான். கால் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

"கேளு ஓட்டா," என்றாள் ஈரத்துணி. "எரியும்போது ஒருத்தியாவது உன்கிட்ட என்னக் காப்பாத்துன்னு கேட்டாளா?"

"இல்ல. முதல் ஏடு என்னுதுன்னு..."

"அது பயத்துல சொன்னதா? எரியுறவளுக்குத் தெரியாதா, அந்த ஏட்டுல வாறவ வேற ஒருத்தின்னு? அவளுக்காகக் கேட்டதுன்னா நினைச்ச? உன்ன நிறுத்த இந்த வீட்டுல வேற ஆளு கெடையாதுடா. தான் போன பொறவு உன் கூட யாரு இருப்பான்னு நினைச்சுல்லா சொல்லியிருக்கா."

வெளியே ஒரு சுவர் விழுந்தது. சத்தம் தாமதமாக, தண்ணீரில் மிதந்து வந்து சேர்ந்தது.

ஓட்டன் மண்டியிட்டு, ஏடுகளுக்கு அடியில் கையை விட்டான். அந்த ஏட்டை எடுத்தான். இவளும் எரிவாள், இவளை நான்தான் வரவழைக்கிறேன் என்று தெரிந்துதான் வாசித்தான். அழுதுகொண்டே, ஒரு வரி விடாமல், கடைசி வரை வாசித்தான்.

பிறகு என்ன? கால் சும்மா இருக்குமா? எழுந்து ஓடினான். வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே அழைப்பு ஏட்டை எடுத்தான், வாசித்தான். தன் வாயைத் தானே பொத்திப் பார்த்தான்; நிற்கவில்லை. எவ்வளவு நேரம் போனதோ. ஏட்டறை வாசலில் ஒரு குரல் கேட்டது.

"இங்க ஓட்டன்னு ஒருத்தன் இருக்கானாமே?"

புதியவள். தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றாள். ஈரத்துணி பெயரைச் சொல்லி அனுப்ப, ஏட்டறைக்கே தேடிக்கொண்டு வந்துவிட்டாள்.

"நான்தான்," என்றான்.

"என்ன இப்படி ஓடுத? நில்லு." வந்து அவன் இடுப்பைப் பிடித்தாள். ஏடு அவன் கையிலிருந்து நழுவியது. வீட்டிலிருந்த கூப்பாடு நின்றது. அந்த அமைதி எப்படி இருந்தது என்றால், கடப்பாரைக்காரர்கள்கூட ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "கூப்பிடுறது நின்னுட்டே? அப்போ கிளம்புவோமா?" என்று தீவட்டியை அணைத்து, வந்த வழியே ஒவ்வொருவராகப் போகத் தொடங்கினார்கள்.

அவள் அவனை நடத்திக்கொண்டு வாசல் தூணுக்கு வந்தாள். அவன் மறைக்க விரும்பவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ எரிஞ்சுருவ."

"எப்போ?"

"அடுத்த தடவ பொறி மிஞ்சும்போது."

"இப்போ விழுதா?"

அவன் சுற்றிப் பார்த்தான். அடுப்பு சின்னதாக முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஈரத்துணி தண்ணீரில் விரிந்து மிதந்துகொண்டிருந்தாள். எங்கேயும் ஒரு பொறிகூட இல்லை.

"இல்ல," என்றான்.

"அப்போ உக்காரு," என்றாள் முடிச்சு.

வருஷப் பிறப்புக்கு முந்தின நாள் காலை, தொம்மையின் வீக்கம் பாதி வடிந்திருந்தது. போன் அடித்தது. லோடு வந்து இறங்கியிருக்கிறது, ஆள் பத்தவில்லை, ரெண்டே ரெண்டு மாடி என்றார்கள். அவன் கட்டிலில் கையை ஊன்றி எழுந்தான். ஆணியில் காக்கிச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

கித்தேரி அடுக்களையிலிருந்து வந்தாள். இந்தத் தடவை ஏசவில்லை. தோளில் கையை மட்டும் வைத்தாள்.

"உக்காருங்க."

தொம்மை அந்தக் கையைப் பார்த்தான். போன தடவை எடுக்கச் சொன்ன அதே கை. விரல்களில் மாவு ஒட்டியிருந்தது.

அவன் உட்கார்ந்தான். அவள் கையை எடுக்கப் போனாள். "இருக்கட்டும்," என்றான்.

அவன் தொடைக்குள், இமைக்குள் தெரிகிற அந்தச் சிவப்பு வெளிச்சத்தில், வாசல் தூணில் சாய்ந்து ஓட்டன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் கால் நின்றிருந்தது. முடிச்சு மட்டும் விழித்திருந்தாள்.